கல்லும் நீரும் – 9: எரிமலை இல்லாத நாட்டின் வெந்நீர்

கண்டியில் காலை ஆறு மணிக்கு வேன் ஏறினால், முற்பகலிலேயே வெந்நீர்க் கிணற்றடியில் நின்று தலைக்கு ஊற்றலாம். மாலையில் திரும்பி, இரவுச் சாப்பாட்டை வீட்டில் சாப்பிடலாம். இதைச் சொன்னால் நம் ஊர்க்காரர்கள் பலர் நம்ப மறுக்கிறார்கள். வெந்நீரூற்று என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது திருகோணமலைக் கன்னியா. இராவணன் தாயின் கிரியைக்காக உண்டாக்கினான் என்று கதை சொல்லும் ஏழு கிணறுகள்; இன்றும் அந்தியேட்டிக்கு மக்கள் போகிற இடம். ஆனால் இலங்கையில் வெந்நீர் ஊறும் இடங்கள் இன்னும் பல உண்டு. அவற்றில் மகா ஓயா, கண்டியிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடியது. ஏறத்தாழ 120 கிலோமீற்றர்.

சென்ற மார்கழி விடுமுறையில் குடும்பமாகப் போனோம். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், வேன் ஓட்ட என் மனைவியின் தம்பி. அம்மாவுக்கு முழங்கால் நோவு. வெந்நீர் என்றதும் முதலில் வேனில் ஏறியவர் அவர்தான். தரம் 7 படிக்கும் மகன் அந்த வாரம் முழுக்க ஐஸ்லாந்து எரிமலை வீடியோக்களில் மூழ்கிக் கிடந்தான். தென்னக்கும்புர பாலம் தாண்டுவதற்குள் கேட்டுவிட்டான்: "அப்பா, அங்க எரிமலை எங்க இருக்கு?"

எங்கும் இல்லை. இலங்கையில் எரிமலை கிடையாது. நமக்குக் கிட்டிய உயிருள்ள எரிமலை, வங்காள விரிகுடாவுக்கு அப்பால் அந்தமானில் இருக்கும் பாரன் தீவு. கண்டத்தட்டுகள் மோதும், பிரியும் விளிம்புகளில்தான் பெரும்பாலும் எரிமலை பிறக்கும். நம் தீவு அந்த விளிம்புகளிலிருந்து வெகுதூரம் உள்ளே கிடக்கிறது. அப்படியானால் தண்ணீர் எப்படிச் சூடாகிறது? மகனுக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அந்தப் பதிலில் பாதி, நாம் தினமும் பார்த்தபடி கடந்துபோகும் பாதையோரப் பாறைகளிலேயே இருக்கிறது.

குண்டசாலை தாண்டித் திகன வந்தால் மண்ணின் நிறம் மாறும். இங்கே நிலத்தடியில் கிடப்பது உருமாறிய சுண்ணாம்புக்கல், அதாவது பளிங்கும் டொலமைட்டும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு டொலமைட் தெரியும். கவ்வாத்து வெட்டிய மலைக்குப் போடுவார்களே, அந்த வெள்ளைத் தூள். இந்தச் சுண்ணாம்புக்கல்லைப் பற்றி 1902இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. சிவ நடனம் பற்றி எழுதிய அதே குமாரசுவாமி! கலை அறிஞராக உலகம் அவரை அறிவதற்கு முன் அவர் புவியியலாளர். சேர் முத்து குமாரசுவாமியின் மகன், 1877இல் கொழும்பில் பிறந்தவர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய ஆய்வுக்குத் தலைமை ஏற்று, சுத்தியலும் கையுமாக இந்தத் தீவின் பாறைகளைப் பார்த்துத் திரிந்தார். அவரை நாம் பள்ளிப் பாடத்தில் பாதி மனிதராகத்தான் அறிமுகப்படுத்துகிறோம் என்பது என் நீண்ட நாள் வருத்தம். அவரிடம் இன்னும் சற்று நேரத்தில் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

திகன என்றதும் கண்டிக்காரர்களுக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். 2020 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி அந்த ஆண்டு முடியும்வரை அவ்வப்போது நிலம் அதிர்ந்தது. ரிக்டர் அளவில் 2ஐ ஒட்டிய சின்னச் சின்ன அதிர்வுகள். கற்குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று முதலில் எல்லோரும் நினைத்தோம். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நீர்ப்பாரம் காரணமா என்ற கேள்வியும் எழுந்தது. பக்கத்துப் பல்லேகலவில் சர்வதேச வலையமைப்பைச் சேர்ந்த நிலநடுக்கப் பதிவுக் கருவி ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவின் அதிர்வைப் பதிந்ததும் அந்தக் கருவிதான். சுனாமி அலை நம் கிழக்குக் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தை நினைக்காமல் என்னால் பல்லேகலவைக் கடக்க முடிவதில்லை.

தெல்தெனியவில் நீர்த்தேக்கம் பாதையோரம் வரை வந்து நிற்கும். பழைய தெல்தெனிய நகரம் இந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கட்டடங்கள் தலைகாட்டும். 122 மீற்றர் உயரமான அணையை 1985இல் திறந்தார்கள். நாங்கள் போனபோது மார்கழி மழையில் நிரம்பி ததும்பிக்கொண்டிருந்தது. இதற்கு அப்பாலுள்ள மெதமஹநுவரப் பக்கத்தில்தான் 1815 பெப்ரவரி 18 அன்று கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பிடித்தார்கள். அந்தக் கதைக்கு ஒரு தனி வாரம் வேண்டும்.

ஹுன்னஸ்கிரியவில் இறங்கி பிளேன் டீ குடித்தோம். மூடுபனி. அம்மா சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டார். கடைக்குப் பின்னால் பாதை அகலிக்க வெட்டிய மண்சுவரில் பாறை புதிதாய்த் தெரிந்தது. மகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். கருமையும் வெண்மையுமாக மாறி மாறி ஓடும் பட்டைகள். சில இடத்தில் அவை நேராகக்கூட இல்லை, வளைந்து மடிந்து ஒன்றின்மேல் ஒன்று சுருண்டிருந்தன. நடுவே மிளகளவு சிவப்புப் பொட்டுகள். அவை கார்னெட் மணிகள். நகம் வைத்துச் சுரண்டினாள், வரவில்லை.

இந்தப் பட்டைகள் என்ன சொல்கின்றன என்று தெரிந்தால் எரிமலைக்கு ஏங்கத் தேவையில்லை. மத்திய மலைநாட்டின் இந்தப் பாறைகள் 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா எல்லாம் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியபோது, நிலத்துக்கு அடியில் 20, 30 கிலோமீற்றர் ஆழத்தில் புதைந்து கிடந்தன. அங்கே வெப்பம் 800 பாகை செல்சியஸ் அளவில். கல் உருகி ஓடவில்லை. ஆனால் உருகும் நிலைக்குக் கிட்டப்போய், இளகி, மடிந்து, கார்னெட்டைப் பிறப்பித்தது. பிறகு மேலே இருந்ததெல்லாம் கோடானுகோடி மழையில் கரைந்துபோக, அடியில் இருந்தது மேலே வந்தது. ஹுன்னஸ்கிரியத் தேநீர்க் கடையின் பின்சுவர், ஒரு காலத்தில் பூமியின் ஆழ்வயிறு. எரிமலை நாடுகளில் நேற்று உறைந்த கல்லைக் காணலாம். இங்கே கண்டங்கள் மோதிய காலத்துக் கல்லைக் கையால் தொடலாம். எனக்கு இதுதான் பெரிது.

உடுதும்பறை கடந்ததும் பதினெட்டு வளைவு. பாதையைத் திருத்தி அகலித்தபின் வளைவு ஒன்று குறைந்துவிட்டது என்றாலும் பெயர் மாறவில்லை. உச்சியில் நின்றால், மூடுபனி விலகும் சில நிமிடங்களில், மஹியங்கனைச் சமவெளி முழுவதும் கீழே விரியும்: வயல், குளம், வளைந்து போகும் மகாவலி. கண்டி நகரம் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கீழே மஹியங்கனை 100 மீற்றரைச் சுற்றி. இந்த இறக்கம்தான் வெந்நீர்க் கதையின் முக்கியமான இடம். மலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு ஆற்றோடு போகிறது. இன்னொரு பங்கு பாறை வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. எங்கள் வேன் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்த மழையும் அப்படித்தான். அதில் ஏதோ சில துளி, வெடிப்பு வெடிப்பாக இறங்கி, கிலோமீற்றர் கணக்கில் ஆழம் போகும்.

ஹசலகவில் காது அடைப்பு விட்டது. கம்பளிச் சட்டைகளைக் கழற்றினோம். பாதையோரத்தில் அவித்த சோளம் வாங்கித் தின்றபடி மஹியங்கனை, தம்பானை, பதியத்தலாவை என்று ஓடினோம். தம்பானை வேடர் குடிகளின் ஊர். அவர்களை வேடிக்கை பார்க்க வண்டியை நிறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை.

மஹியங்கனைக்குக் கிழக்கே காலடிப் பாறையே மாறிவிடுகிறது. மலைநாட்டுப் பாறைத் தொகுதி முடிந்து, விஜயன் தொகுதி என்று புவியியலாளர்கள் பெயரிட்ட வேறொரு தொகுதி தொடங்குகிறது. இரண்டும் வெவ்வேறு நிலத்துண்டுகள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒட்டிக்கொண்டவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்தப் பொருத்து, தீவின் கிழக்கில் வடக்கு தெற்காக வளைந்து ஓடுகிறது. நம் வெந்நீரூற்றுகளை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள்: வடக்கே கன்னியா, நடுவே மகா ஓயா, தெற்கே சூரியவெவப் பக்கம் மஹபெலெஸ்ஸ. பெரும்பாலானவை இந்தப் பொருத்தை ஒட்டியே வரும். பொருத்து இருக்கும் இடத்தில் பிளவு இருக்கும். பிளவு இருந்தால் ஆழத்து நீருக்கு மேலே வர வழி கிடைக்கும்.

சூடு எங்கிருந்து வருகிறது? பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீற்றர் இறங்கும்போதும் 25 முதல் 30 பாகை வெப்பம் கூடும். இது எரிமலை இல்லாத இடத்துக்கும் பொதுவான கணக்கு. மூன்று கிலோமீற்றர் இறங்கிய மழைநீர், மேற்பரப்புச் சூட்டையும் சேர்த்தால், நூறு பாகையைத் தொடும். அழுத்தத்தால் கொதிக்காது, பிளவு வழியே வேகமாக ஏறினால் சூடு முழுவதும் போவதற்குள் மேலே வந்துவிடும். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் இந்த நீர்களை நீண்ட காலமாகச் சோதித்து வருகிறார்கள். சூடான நீரில் சிலிக்கா அதிகம் கரையும். மேலே வந்த நீரில் எவ்வளவு சிலிக்கா என்று அளந்தால், அது ஆழத்தில் எவ்வளவு சூட்டில் இருந்தது என்று கணிக்கலாம். ஐசோடோப்புச் சோதனை, இது மழையாய்ப் பெய்த நீர்தான் என்று காட்டுகிறது. இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீரும் இப்படித்தான். உரோமர்கள் குளியல் மண்டபம் கட்டிய அந்த 46 பாகை நீர், மெண்டிப் குன்றுகளில் பெய்த மழை. அங்கேயும் எரிமலை இல்லை.

இப்போது குமாரசுவாமிக்குத் திரும்புவோம். பூமியிலிருந்து வெளிவரும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி, பூமி பிறந்தபோது எஞ்சிய சூடு. மறுபாதி, பாறைகளில் கலந்திருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் அணுக்கள் மெல்ல மெல்லச் சிதைவதால் உண்டாவது. பலாங்கொடைப் பக்கம் மாணிக்கக் குழிகளில் கிடைத்த, கனமான கருப்புச் சதுரக்கல் ஒன்று குமாரசுவாமியின் கவனத்துக்கு வந்தது. 1904இல் அது தோரியம் நிறைந்த புதிய கனியம் என்று தெரிந்து, தோரியனைட் என்று பெயர் பெற்றது. அடுத்த ஆண்டு, லண்டனில் இரசாயனவியலாளர் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஓட்டோ ஹான் என்ற இளைஞர், இந்த இலங்கைக் கனியத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளில் ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடித்தார். அவர்தான் பின்னாளில் அணுப்பிளவுக்காக நோபல் பரிசு பெற்றவர். பூமியின் உள்சூட்டுக்கு எரிபொருளான தோரியத்தை நம் மண்ணிலிருந்து உலக ஆய்வுகூடங்களுக்குக் கொண்டுசேர்த்தவர்களில் ஒரு தமிழர் முன்னிற்கிறார். மகன் இதைக் கேட்டதும் ஐஸ்லாந்தை மறந்து, "அந்தக் கல் இப்பவும் கிடைக்குமா?" என்றான்.

மகா ஓயா நகரத்திலிருந்து ஊற்று சற்று உள்ளே இருக்கிறது. சதுரமாகக் கட்டிய சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. மிகச் சூடானது 55 பாகை அளவில். அதில் கை வைத்தால் தானாக இழுத்துக்கொள்ளும். மழை ஓய்ந்த குளிர்ந்த காலையில் நீர்ப்பரப்பிலிருந்து ஆவி எழும்புவது நன்றாகத் தெரிந்தது. வெயில் காலத்தில் இதை இவ்வளவு தெளிவாகக் காண முடியாது. மார்கழியில் போகச் சொல்வது அதனால்தான். குனிந்து பார்த்தால் அடியிலிருந்து குமிழிகள் வரிசையாக ஏறுகின்றன. பக்கத்தில் பக்கத்தில் உள்ள கிணறுகளுக்குச் சூடு ஏன் வேறுபடுகிறது என்று மனைவி கேட்டாள். மேலே வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் எந்த அளவு கலக்கிறது என்பதைப் பொறுத்தது.

முட்டை வேகும் என்று யாரோ சொல்லி, மகள் இரண்டு முட்டை கொண்டுவந்திருந்தாள். வெண்கரு இறுக 60 பாகைக்கு மேல் வேண்டும். கால் மணி நேரம் கழித்து உடைத்தபோது முட்டை பச்சையாகவே இருந்தது. அவளுக்கு ஏமாற்றம், ஆனால் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

மட்டக்களப்புப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் எங்களுக்கு முன்பே குளித்துக்கொண்டிருந்தது. அம்மா வாளியைத் தூக்கியதைப் பார்த்து அந்த வீட்டு வயதான அம்மா தடுத்தார். "அக்கா, ஒரேயடியா தலையில ஊத்தாதீங்க. முதல்ல கால்ல ஊத்துங்க, உடம்பு பழகட்டும். எங்கிருந்து வாறீங்க?" கண்டி என்றதும், "அங்க பெய்யிற மழைதான் எங்களுக்கு ஆறா வருது" என்றார். அந்த மழை வெந்நீராயும் வருகிறது என்று நான் சொல்ல, இரண்டு அம்மாக்களும் சந்தேகத்தோடு என்னைப் பார்த்துவிட்டு முழங்கால் பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இந்த நீரைக் குடிக்காதீர்கள். ஆழத்துப் பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீரில் ஃபுளோரைடு கூடுதலாகக் கரைந்திருக்கும்; வரண்ட வலயத்துப் பிள்ளைகளின் பற்களில் காணும் பழுப்புக் கறைக்குக் காரணமும் கிணற்று நீரின் இதே ஃபுளோரைடுதான். சவர்க்காரமும் ஷாம்பூவும் கிணற்றருகே வேண்டாம். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை வேறொருவர் கையால் பார்த்துவிட்டே ஊற்றிக்கொள்ள வேண்டும். கடும் மழை எச்சரிக்கை உள்ள நாளில் பதினெட்டு வளைவுப் பாதையைத் தவிர்த்துவிடுங்கள். மண்சரிவு அங்கே அடிக்கடி நடப்பது.

அதோடு ஒரு வேண்டுகோள், யார் செய்தாலும் சரி: கிணற்றடியில் மூன்று மொழியிலும் ஒரு பலகை வேண்டும். இந்த நீர் எந்த மலையில் பெய்தது, எவ்வளவு ஆழம் போனது, எதனால் சூடானது என்று பத்தே வரியில் எழுதிவிடலாம். நாங்கள் நின்ற இரண்டு மணி நேரத்தில் பாடசாலைப் பிள்ளைகள் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கிணறுகளைச் சுற்றி ஓடி, படம் எடுத்து, ஏறிப் போய்விட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க அவர்களுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம்: திகனச் சுண்ணாம்புச் சூளைகள்.