ஆற்றைக் கடக்கும் செல்வம்: அர்ஜென்டினாவிலிருந்து உருகுவேக்கு

உள்நாட்டு நாணயத்தின் மீதும் அரசின் மீதும் நம்பிக்கை குலையும்போது, செல்வம் வெளிநாட்டுக் கணக்குகளுக்கும் சொத்துகளுக்கும் பெயர்ந்து செல்வதைப் பொருளியலாளர்கள் மூலதன வெளியேற்றம் என்பர். ரியோ டி லா பிளாட்டா ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில் உள்ள அர்ஜென்டினாவும் உருகுவேயும், இவ்வெளியேற்றம் அண்டை நாடுகளுக்கு இடையே நிகழும்போது இரு தரப்பிலும் என்ன விளைகிறது என்பதற்கு நீண்டகாலச் சான்றாக உள்ளன.

நம்பிக்கை குலைந்த வரலாறு

1989இல் அர்ஜென்டினாவின் பணவீக்கம் 3,000 விழுக்காட்டைத் தாண்டியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அரசு மக்களின் நிரந்தர வைப்புகளை நீண்டகாலக் கடன் பத்திரங்களாகக் கட்டாயமாக மாற்றியது. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், நாட்டின் நாணயமான பெசோ ஒன்றுக்கு ஒரு டாலர் என்று நிலைநிறுத்தப்பட்ட மதிப்பு பத்தாண்டுகள் நீடித்தாலும், 2001 டிசம்பரில் வங்கியிலிருந்து வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கமாக எடுக்க முடியாது என்ற கட்டுப்பாடு வந்தது. சில வாரங்களில் அந்த நிலையான மதிப்பும் கைவிடப்பட்டு, டாலர் வைப்புகள் ஒரு டாலருக்கு 1.40 பெசோ என்ற விகிதத்தில் மாற்றப்பட்டன. ஆனால் சந்தையில் டாலரின் விலை 2002இன் நடுப்பகுதிக்குள் மூன்று பெசோவைத் தாண்டிவிட்டது.

வங்கி இரகசியச் சட்டம் வலுவாக இருந்த உருகுவேயின் வங்கிகளில் அர்ஜென்டினர்கள் பணம் வைத்ததற்கு இந்த அனுபவங்களே அடிப்படை.

கடப்பவர் யார்?

வெளியேற்றத்தின் வழிகள் எல்லோருக்கும் ஒன்றல்ல. செலாவணிக் கட்டுப்பாடு நடப்பில் உள்ள காலங்களில், ஒரு நிறுவனம் அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸில் பெசோ கொடுத்து ஒரு கடன் பத்திரத்தை வாங்கி, அதே பத்திரத்தை வெளிநாட்டுச் சந்தையில் டாலருக்கு விற்றுப் பணத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இவ்வாறு கிடைக்கும் டாலருக்கு அரசு நிர்ணயித்த விலையைவிடக் கூடுதலாகச் செலவானாலும் வழி சட்டபூர்வமானதே. ஆனால் அதற்கு வெளிநாட்டில் ஒரு கணக்கு வேண்டும். அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவருக்கோ, பெசோவின் மதிப்பு தேய்வதற்குள் மளிகைப் பொருள்களை வாங்கிவிடுவதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

பெசோ சரிந்தபோது டாலரைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களின் வாங்கும் திறன் உள்நாட்டில் பன்மடங்கு பெருகியது. கூலி உழைப்பாளரின் வாங்கும் திறனோ சுருங்கியது. 2002 அக்டோபரில் அர்ஜென்டினாவின் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தனர். ஆகவே, நாடுகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வை மட்டுமன்றி, அனுப்பும் நாட்டுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வையும் மூலதன வெளியேற்றம் கூட்டுகிறது.

பெறும் நாட்டின் நிலை

வந்து சேரும் பணம் எப்போதும் வரமாக அமைவதில்லை. தாய்நாட்டில் கணக்கு முடக்கப்பட்ட அர்ஜென்டினர்கள் 2002இல் உருகுவேயின் தலைநகர் மான்டிவிடியோவில் வைத்திருந்ததை எடுக்கத் தொடங்க, அந்த அச்சம் உருகுவே மக்களையும் தொற்றியது. தென்னை மரத்தில் தேள் கொட்டப் பனை மரத்தில் நெறி கட்டியதுபோல, ஜூலை முடிவதற்குள் உருகுவே வங்கிகள் வைப்புத்தொகையில் கணிசமான பகுதியை இழந்து, ஜூலை 30 அன்று கதவடைத்தன. அமெரிக்கா தந்த 150 கோடி டாலர் குறுகியகாலக் கடனைக் கொண்டே அவை ஆகஸ்டில் மீண்டும் திறந்தன. அரசு வங்கிகளின் நிரந்தர வைப்புகளுக்குத் தவணை நீட்டிக்கப்பட்டது.

அதன்பின், வெளிநாட்டவர் வைப்புகளுக்கு வங்கிகள் கூடுதல் ரொக்க இருப்பு வைத்திருக்க வேண்டும் என உருகுவே விதித்தது. 2012இல் இரு நாடுகளும் வரித் தகவல்களைப் பகிர உடன்பாடு செய்தன. 2016–17இல் அர்ஜென்டினா அளித்த வரி மன்னிப்பின்கீழ் சுமார் 11,700 கோடி டாலர் சொத்து வெளிப்பட்டது. அதில் பெரும்பகுதி வெளிநாடுகளில் இருந்தது. எனினும், 2020இல் உருகுவே வரி வதிவிட விதிகளைத் தளர்த்தி, வசதி படைத்த அயல்நாட்டவரை மீண்டும் அழைத்தது.

தகவல் பகிர்வு ஒளித்துவைக்கும் வசதியைக் குறைக்குமேயன்றி, வெளியேறும் காரணத்தை அகற்றாது; பணவீக்கமும் வைப்புகள் மீதான திடீர் ஆணைகளும் தொடரும்வரை, அர்ஜென்டினாவின் சேமிப்பு அண்டை நாட்டையோ அதற்கப்பாலோ தேடிச் செல்வதைக் கட்டுப்பாடுகளால் மட்டும் நிறுத்த இயலாது.