ரெண்டாவது ஆட்டத்துப் பேய்கள்

சேலத்துக்குப் பக்கத்துப் பனமரத்துப்பட்டியில், டூரிங் டாக்கீஸ் இருந்த காலத்தில், யாரும் யாரிடமும் "நல்ல பேய்ப்படம் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? கொட்டகையில் எது ஓடுகிறதோ அதுதான் படம். சேலத்துத் தியேட்டர்களில் ஓடி முடித்து, பிரிண்ட் தேய்ந்து, திரை முழுக்கக் கோடு விழுந்த பிறகுதான் அது ஊர்ப்பக்கம் வரும். சில நாள் இருக்கும்; அதற்குள் பார்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. சிபாரிசு என்பது, பார்த்துவிட்டு வந்தவர் மறுநாள் டீக்கடையில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும் கதைதான். அதைக் கேட்டு, படத்துக்குப் போகாமலே பயந்தவர்களும் உண்டு.

இப்போது கேட்கிறார்கள். "மாமா, ராத்திரி பாக்கறதுக்குப் பேய்ப்படம் ஒண்ணு சொல்லுங்க. சிரிப்புப் பேய் வேண்டாம்." கையில் இருக்கும் போனில் உலகத்துப் பேய்கள் அத்தனையும் இருக்கின்றன, எதைத் திறப்பது என்றுதான் தெரியவில்லை. "சிரிப்புப் பேய் வேண்டாம்" என்ற அந்த நிபந்தனைக்குள் தமிழ்ப் பேய்ப்படத்தின் வரலாறே சுருண்டு கிடக்கிறது.

டூரிங் டாக்கீஸைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கீற்றுக் கூரை, மணல் தரை, பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. பக்கத்தடுப்பு சரியாக இல்லாததால் பகலில் திரையில் எதுவும் தெரியாது. இருட்டிய பிறகு இரண்டே ஆட்டம். புரொஜெக்டர் ஒன்றுதான் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போட்டுவிடுவார்கள். கதவு கிறீச்சிட்டுத் திறக்கப் போகிற நேரத்தில் பல்பு எரியும், முறுக்குத் தட்டு வரும், யாரோ ஒருவருடைய குழந்தை வீறிடும். மனிதனைப் பயமுறுத்த இதைவிட மோசமான ஏற்பாட்டை யோசிக்கவே முடியாது.

ஆனாலும் பயந்தார்கள். காரணம் கொட்டகைக்கு வெளியே இருந்தது. ரெண்டாவது ஆட்டம் விட நடுச்சாமம் தாண்டிவிடும். அதன் பிறகு ஜருகுமலை அடிவாரத்துக்கும் சுற்றுப்பட்டிகளுக்கும் நடந்துதான் போக வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டி, சேலம் நகரத்துக்கே குடிதண்ணீர் கொடுத்த பெரிய ஏரி ஊரை ஒட்டி இருக்கிறது, அதன் கரை வழியாக. பனை ஓலை உரசினால் யாரோ பின்னால் வருகிற மாதிரியே கேட்கும். காட்டோரத்தில் மீசையும் முழித்த கண்ணும் ஓங்கிய அரிவாளுமாக முனியப்பன். காக்கிற சாமிதான், ஆனால் நடுச்சாமத்தில் அந்தப் பக்கம் பார்க்க ஆண்பிள்ளைக்கும் நெஞ்சுரம் வேண்டும். படம் கொடுத்தது ஒரு வெள்ளைப் புடவையும் கொஞ்சம் சலங்கைச் சத்தமும்தான். மீதி வேலையை வழி பார்த்துக்கொண்டது. மறுநாள் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் "முனி அடிச்சிருச்சு" என்று பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடித்து, கையில் தாயத்துக் கட்டிவிடுவார்கள்.

1966ல் வந்த 'யார் நீ?' இந்த ஏற்பாட்டுக்கென்றே செய்தது போன்ற படம். பி.எஸ்.வீரப்பா தயாரித்து, சத்யம் இயக்கியது. ராஜ் கோஸ்லா இந்தியில் எடுத்த 'வோ கௌன் தீ?'யின் தமிழ் வடிவம். மழை ராத்திரி, டாக்டர் ஜெய்சங்கரின் கார், வழியில் வெள்ளைப் புடவையில் ஜெயலலிதா. வேதாவின் இசையில் சுசீலாவின் குரல் எங்கிருந்தோ கூப்பிடும். கடைசியில் பார்த்தால் பேயும் இல்லை, பிசாசும் இல்லை, எல்லாம் சொத்துக்காகச் செய்த சூழ்ச்சி. (அறுபது வருடத்துக்கு முந்தைய முடிச்சை அவிழ்த்ததற்காக யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.) அந்தக் காலத்துக் கறுப்பு-வெள்ளைப் பேய்கள் பலவற்றின் பின்னால் இப்படி ஒரு ஆள் ஒளிந்திருப்பான். பகுத்தறிவு மேடைகள் தமிழ்நாட்டில் உச்சத்தில் இருந்த காலம். பேயைக் காட்டிக் காசு பார்த்தவர்கள் கடைசி ரீலில் அதைப் பொய்யாக்கிப் பிராயச்சித்தம் செய்துகொண்டார்கள். ஏரிக்கரையில் நடந்து போனவர்கள் அந்தக் கடைசி ரீலை மட்டும் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள் என்பது வேறு விஷயம்.

சேலத்திலேயே ஏற்காடு சாலையில் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளியது. அதே 1966ல், அதே ஜெய்சங்கரையும் வேதாவையும் வைத்து அவர்கள் கொடுத்தது 'வல்லவன் ஒருவன்' என்ற துப்பறியும் படம். எனக்குத் தெரிந்து அவர்களுக்குத் துப்பாக்கியில் இருந்த பிரியம் பேயிடம் இருந்ததில்லை. இன்று அங்கே நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது.

அன்றையும் இன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க ஒரு ஜோடி இருக்கிறது. 1978ல் துரை இயக்கிய 'ஆயிரம் ஜென்மங்கள்': இறந்துபோன காதலி பத்மப்ரியாவின் ஆவி, விஜயகுமாரின் மனைவியான லதாவின் உடம்புக்குள் புகுந்துகொள்கிறது. கண்டுபிடிப்பவர் லதாவின் அண்ணன் ரஜினிகாந்த். மலையாளத்து 'யக்ஷகானம்' படத்திலிருந்து வந்த கதை. 2014ல் சுந்தர்.சி.யின் 'அரண்மனை': இறந்த ஹன்சிகாவின் ஆவி, வினய்யின் மனைவி ஆண்ட்ரியாவின் உடம்புக்குள் புகுந்துகொள்கிறது, கண்டுபிடிப்பவர் ஆண்ட்ரியாவின் அண்ணன் சுந்தர்.சி. பழைய படத்தின் தயாரிப்பாளர் தரப்பு நீதிமன்றம் வரை போனது.

எலும்புக்கூடு ஒன்றுதான், ஆனால் 36 வருடத்தில் பேயின் குணம் அடியோடு மாறிவிட்டது. பழைய பேய்க்கு வேண்டியது வாழ்க்கை. தனக்குக் கிடைக்காமல் போன புருஷனோடு ஒரு குடும்பம். அதனால்தான் அந்தப் படத்தில் பயத்தோடு ஒரு சங்கடமும் வருகிறது, யார் பக்கம் நிற்பது என்றே தெரியாது. புதிய பேய்க்கு வேண்டியது பழி. கொன்றவர்களின் பட்டியல் அதன் கையில் இருக்கிறது, பட்டியல் முடிகிற வரை ஊடே சந்தானம் சிரிக்க வைப்பார். கடைசியில் பேய்க்கு நியாயம் கிடைத்துவிடுகிறது. நியாயம் கிடைத்த பேயை நினைத்து யார் ராத்திரியில் விழித்துக்கிடப்பார்கள்?

இடையில் ஒரு வீடியோ டெக் காலம் வந்து போனது. டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒரே ராத்திரியில் மூன்று கேசட். சாம் ரைமியின் 'ஈவில் டெட்' இந்தப் பக்கத்து ஊர்களுக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான். பாஷை புரியாவிட்டால் என்ன, அந்தப் படத்துக்கு வசனமே தேவையில்லை. தனியாக உட்கார்ந்து பார்த்தால் பரிசு என்ற புரளி ஒவ்வொரு பேய்ப்படத்தின் கூடவே ஊர் ஊராகச் சுற்றும். 2008ல் ராம்கோபால் வர்மா தன் 'ஃபூங்க்' படத்துக்கு நிஜமாகவே 5 லட்சம் ரூபாய் என்று அறிவித்தபோது, கொட்டகைக் காலத்து ஆட்களுக்கு அது புதிதாகவே படவில்லை. 1990களின் பிற்பகுதியில் சன் டி.வி.யில் 'மர்ம தேசம்' வந்தது. அதில் 'விடாது கருப்பு' கதை ஓடிய நாட்களில் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்தது என்றால் நம்ப வேண்டும். எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் சேலத்தில் பிறந்தவர். குதிரையேறி வரும் காவல்தெய்வத்தைச் சுண்டுவிரல் அளவு திரையில் காட்டி, ஊர்க்காட்டில் நிற்கும் மண்குதிரையை எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி செய்தவர் அவர்.

சிரிப்புப் பேய் எங்கிருந்து வந்தது? 'சந்திரமுகி' (2005) பேயே இல்லை, மனநோய் என்று சொல்லிவிட்டது. வடிவேலுவின் பயம்தான் மக்களுக்குப் பிடித்தது. 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) என்று ராகவா லாரன்ஸ் அந்த நூலைப் பிடித்துக்கொண்டார். ஆனால் ரசனையை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது, கணக்கும் இருக்கிறது. 2011க்குப் பிறகு தமிழ்த் தலைப்போடு 'யு' சான்றிதழும் இருந்தால்தான் கேளிக்கை வரி விலக்கு. 'ஏ' வாங்கிய படத்தை அப்படியே டி.வி.யில் போட முடியாது, சேனல் உரிமைப் பணம் போச்சு. நிஜமாகவே பயமுறுத்தினால் 'ஏ', பயமுறுத்திவிட்டுச் சிரிக்க வைத்தால் பிழைக்கலாம். தயாரிப்பாளர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 2017ல் ஜி.எஸ்.டி. வந்து அந்த வரிவிலக்குக் கதையை முடித்தது. அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது. நான் 'காஞ்சனா'வை இளக்காரமாகப் பேச மாட்டேன். ஒரு திருநங்கையின் வலியை, சரத்குமாரை வைத்து, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கச் செய்த படம் அது. அதன் நகல்களைத்தான் தாங்க முடியவில்லை.

ஏரியில் பல வருடம் தண்ணீருக்குப் பதில் சீமைக்கருவேலம்தான் இருந்தது. இன்று தெருவிளக்கு வந்துவிட்டது, ராத்திரி படம் பார்த்துவிட்டு நடக்கிறவர் யாருமில்லை. சேலத்து மல்டிபிளக்ஸில் பார்த்தாலும் பைக்கில் ஏறினால் சிறிது நேரத்தில் வீடு. அரளிக் காட்டில் மொட்டுப் பறிக்க விடிவதற்குள் போகிறவர்களுக்கும் பேயைவிடப் பாம்பு பயம்தான் பெரிது. ஆக, வழி செய்துகொண்டிருந்த வேலையும் இப்போது படத்தின் தலையில் விழுந்திருக்கிறது. பெரும்பாலான இயக்குநர்கள் அதைச் சத்தத்தை வைத்துச் சமாளிக்கிறார்கள். நிசப்தம், நிசப்தம், திடீரென்று காதைக் கிழிக்கும் ஒரு டமார். துள்ளி எழுவது பயம் ஆகாது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தாலும்தான் துள்ளுவோம்.

வெளிநாட்டுப் பேய்களோடு இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. உடுக்கை அடிக்கும் நம் பூசாரி பேயிடம் முதலில் பேர் கேட்பார், ஊர் கேட்பார், என்ன வேண்டும் என்று கேட்பார். ஆட்டுக்கிடாயோ கோழியோ, பேரம் படிந்த பிறகு உச்சிமயிரில் ஒரு கொத்தை மரத்தில் ஆணியடித்து அனுப்பி வைப்பார். அது ஆயுள் முடியாமல் செத்த ஒரு மனுஷி, அதற்குக் கேட்க ஒரு குறை உண்டு. 1973ல் வில்லியம் ஃபிரீட்கின் எடுத்த 'எக்ஸார்சிஸ்ட்' படத்துப் பாதிரியாரும் ஜேம்ஸ் வானின் 'கான்ஜுரிங்' (2013) தம்பதியும் மல்லுக்கட்டுவது மனிதப் பிறவியே எடுக்காத ஒன்றோடு. அதனிடம் பேரம் கிடையாது, துரத்த மட்டும்தான் முடியும். பேரம் பேச முடியாது என்பதே அந்தப் படங்களின் பலம். 'கான்ஜுரிங்'கில் ரத்தமோ ஆபாசமோ பெரிதாக இல்லை. வெறும் பயத்துக்காகவே அமெரிக்காவில் அதற்கு 'ஆர்' சான்றிதழ் கொடுத்தார்கள். அலமாரிக்குள்ளிருந்து கை தட்டும் சத்தம் வரும் இடத்தைச் சிலுவையும் தீர்த்தமும் என்னவென்றே தெரியாத பாட்டியும் கண்ணை மூடிக்கொண்டுதான் கடப்பார்.

எனவே கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, பேய் உங்கள் வீட்டுக்குள் இருக்கும் பொருளில் குடியிருக்கிற படமாகப் பாருங்கள் என்பதுதான். விக்ரம் கே.குமாரின் 'யாவரும் நலம்' (2009) முதலில். மாதவனின் வீட்டுப் பெண்கள் பார்க்கும் மெகா சீரியலில் அந்த வீட்டுக் கதையே ஓடுகிறது. சீரியல் பார்க்காத வீடு நம் ஊரில் எது? அதே வருடத்து 'ஈரம்', அறிவழகன் இயக்கியது. குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று கணக்குப் போடுகிற சனங்களைத் தண்ணீரைக் கண்டு பயப்பட வைத்த சாமர்த்தியத்துக்காகவே பார்க்க வேண்டும். கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' (2012) பற்றி ஒரு வரியும் சொல்ல மாட்டேன், பார்த்தவர்களையும் சொல்ல விடாதீர்கள். அஜய் ஞானமுத்துவின் 'டிமான்ட்டி காலனி' (2015) நான்கு பேரை ஓர் அறைக்குள் பூட்டிவிட்டு நம்மையும் சேர்த்துப் பூட்டுகிறது. மிஷ்கினின் 'பிசாசு' (2014) பயத்தைவிட அழுகையைத்தான் கொடுக்கும்; ஆனால் பேய் என்றால் கெட்டது என்ற எண்ணத்தை அவ்வளவு மென்மையாகக் கழற்றி வைத்த படம் தமிழில் வேறில்லை.

மலையாளம் ஒத்துவருமென்றால் ராகுல் சதாசிவன் என்ற பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். 'பூதகாலம்' (2022) படத்தில் ஒரு தாயும் மகனும் ஒரு வாடகை வீடும். முக்கால்வாசிப் படம் வரை அங்கே பேய் இருக்கிறதா, அவர்களின் துக்கம்தான் இருக்கிறதா என்று பிடிபடாது. 'பிரமயுகம்' (2024) முழுக்கக் கறுப்பு-வெள்ளை, மம்மூட்டியின் சிரிப்பு ஒன்றே போதும். நம் பக்கத்திலும் சரக்கு இல்லாமலில்லை. சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவை சங்கப் பாடல்களிலேயே இருக்கிறாள், ராசிபுரம் தாண்டினால் அவளுடைய மலை. இருந்தும் எனக்குத் திருப்தியாக அவளை வைத்து ஒரு படம் வரவில்லை.

மிலிந்த் ராவின் 'அவள்' (2017) படத்தைக் குழந்தைகள் தூங்கிய பிறகு போடுங்கள். அது 'ஏ' வாங்கிய படம், வாங்கியதற்கு நியாயமும் இருக்கிறது. டி.வி.யில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். அங்கே வெட்டித்தான் போட முடியும், வெட்டினால் முதலில் போவது எதற்காகப் பார்க்க உட்கார்ந்தோமோ அந்த இடம்தான்.