பசுமை வீடுகளும் அவற்றின் பராமரிப்பும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கிராமங்களில் முற்காலத்தில் ஏரிப் பாசனத்தைக் கொண்டு நெல் பயிரிடுதலே பிரதான தொழிலாக இருந்தது. இப்பொழுது மோட்டார் முதலிய யந்திரத் தொழிற்சாலைகள் அங்கே பெருகியுள்ளன. ஆயினும், நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆட்களை நம்பியுள்ள மிராசுதார்கள், அவ்வாட்களின் குடியிருப்பு எந்நிலையில் உள்ளது என்பதைக் கவனித்தல் அவசியமாகும்.

கிராமங்களிலுள்ள ஏழைக் குடும்பங்களுக்காக 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கிற்று. சொந்த மனையுள்ளவர்களுக்கு 300 சதுர அடியில் காங்கிரீட் தளமிட்ட வீடு முழுதும் அரசாங்கச் செலவில் அளிக்கப்பட்டது. தொடக்கத்தில் வீடொன்றுக்குக் கட்டுமானத்திற்கு 1,50,000 ரூபாயும், சூரிய விளக்குகளுக்கு 30,000 ரூபாயும் ஒதுக்கப்பட்டன. கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் ஆகிய ஐந்து இடங்களுக்கும் ஒவ்வொரு விளக்கு உண்டு.

விளக்குச் செலவு

ஐந்து 60 வாட் குண்டு பல்புகள் நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால் 1½ யூனிட் செலவாகும். இரண்டு மாதத்தில் அது 90 யூனிட். அதே ஒளியை ஏறக்குறைய 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் தரும், இவற்றுக்கு இரண்டு மாதச் செலவு 13½ யூனிட்டே. 2016-ஆம் ஆண்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. குண்டு பல்புகளே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டால், விசிறிக்கு மிச்சம் ஏது?

தகடும் பாட்டரியும்

சூரியத் தகடு சுமார் 25 ஆண்டுகள் உழைக்கும். பாட்டரியோ, நன்கு பேணினாலும் ஏறக்குறைய 5 ஆண்டுகளே உழைக்கும். ஆகையால், விளக்கு எரியாமற் போனவுடன் எல்லாம் கெட்டுவிட்டது என்றெண்ணித் தகட்டைப் பழைய சாமான் வியாபாரிக்கு விற்பது பெரும் நஷ்டமாகும். முதலில் பாட்டரியைச் சோதிப்பிக்க வேண்டும். பழைய பாட்டரியைக் கடையிலேயே ஒப்படைத்தால் அதற்கொரு விலை கிடைக்கும். அதிலுள்ள ஈயம் நஞ்சாதலால் அதை வீட்டில் உடைத்தலாகாது.

தகட்டின்மேல் படியும் தூசியை வாரமொருமுறை காலையில் நீரும் துணியும் கொண்டு துடைத்தல் வேண்டும். தகடு தெற்கு நோக்கிச் சுமார் 13 பாகை சாய்ந்திருத்தல் இப்பகுதிக்கு ஏற்றது. முருங்கை, வேம்பு முதலியவற்றின் நிழல் அதன்மீது விழலாகாது. நீர் ஊற்றும் வகைப் பாட்டரியில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கிணற்று நீரிலுள்ள உப்புகள் அதைக் கெடுத்துவிடும்.

தளத்தின் வெப்பம்

ஓலைக் கூரைக்குத் தீ அபாயம் உண்டு. ஆயினும் அது வெயிலின் கொடுமையைத் தடுக்கும். காங்கிரீட் தளத்திற்குத் தீப்பற்றும் அபாயம் இல்லை. ஆனால் அது பகலெல்லாம் வெப்பத்தை உண்டு, இரவில் வீட்டினுள் அதை வெளியிடும். வயலில் உழைத்து வந்தவன் கத்திரி வெயிற்காலத்தில் உறக்கமின்றிப் புரள்வதற்கு இதுவே காரணம். தளத்தின் மேற்புறத்தில் வெண்மையாகச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, சிறிது வச்சிரம் சேர்த்து, பங்குனி மாதத்திற்குள் இருமுறை பூசுக. மழையில் கரையுமாதலால் ஆண்டுதோறும் இதனைப் புதுப்பித்தல் வேண்டும். 2024-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தின் காங்கிரீட் வீடுகளுக்கும் இம்முறை பொருந்தும்.

அரசாங்கம் வீட்டைக் கட்டித் தரலாம். நாடோறும் அதைப் பேணுதல் அதில் வசிப்போரால்தான் ஆகும். கிராம அலுவலர்கள் கிராம சபை கூடும்போது இவற்றை எடுத்துரைத்து, எரியாத விளக்குள்ள வீடுகளைக் கணக்கெடுப்பார்களாயின், பாட்டரியை மட்டும் மாற்றிப் பல வீடுகளில் மீண்டும் ஒளியேற்றலாம். நிலமுடையோர் தம் ஆட்களுக்குப் பாட்டரி வாங்க முன்பணம் கொடுத்துதவினால், அது இரு திறத்தாருக்கும் நன்மை பயக்கும்.