தருமபுரின்னா ஒகேனக்கல் மட்டும்தானா? நடுகற்கள், தொங்கும் தூண், சிவா நினைவிடம்... ஒரே நாளில் என்னென்ன பார்க்கலாம்?

சென்னை, பெங்களூரு, சேலம் என எங்கிருந்து கிளம்பினாலும் தருமபுரி சுற்றுலாத் திட்டம் ஒரே வரியில் முடிந்துவிடும். ஒகேனக்கல் போறோம், எண்ணெய்க் குளியல், பரிசல் சவாரி, பொரிச்ச மீன், வீடு. அருவிக்குப் போகும் வழியில் உள்ள தருமபுரி நகரம், பலருக்கும் டீ குடிக்க வண்டி நிறுத்தும் இடம் மட்டும்தான்.

ஆனால் இந்த ஊரின் பழைய பெயர் தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் ஊர். அரசர்கள் மட்டுமல்ல, மாடு மீட்கப் போய் உயிரைவிட்ட சாதாரண ஆட்களின் கதையும் இங்கே கல்லில் இருக்கிறது. அருவிக்கு முன்னால் அரை நாள் ஒதுக்கினால் போதும், இதையெல்லாம் பார்த்துவிடலாம்.

தருமபுரிக்கு எவ்வளவு வயசு?

சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

- கி.மு. 3ஆம் நூற்றாண்டு: அசோகரின் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு 'சத்தியபுத்திரர்' என்று ஒரு மரபையும் சேர்த்துச் சொல்கிறது. அது யார் என்று நீண்ட காலம் விவாதம் ஓடியது. 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பை குன்றில் ஒரு தமிழி கல்வெட்டு கிடைத்தது. அதில் 'சதியபுதோ' என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் இருந்தது. விவாதத்துக்குப் பதில் கிடைத்தது.
- சங்க காலம்: சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான். இந்தப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. சில பாடல்கள் மட்டுமே மிஞ்சின.
- 9ஆம் நூற்றாண்டு: நுளம்பர் ஆட்சி.
- 1792: மைசூர்ப் போருக்குப் பிறகு பாராமகால் பகுதி திப்பு சுல்தானிடம் இருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இளம் அதிகாரியாக இங்கே வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. சென்னை தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் சிலையாக இருக்கிறாரே, அவரேதான். ரயத்துவாரி நிலவரி முறைக்கு அடித்தளம் விழுந்தது இந்தப் பகுதியில்.
- 1965 அக்டோபர் 2: சேலத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டம். 2004இல் இதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது.

முதல்ல எங்கே போகணும்?

நகரில் உள்ள அருங்காட்சியகத்துக்கு. காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நடுகற்கள் அதிகம் கிடைத்த பகுதிகளில் தருமபுரி முக்கியமானது. இங்கே வைக்கப்பட்டிருக்கும் நடுகற்களை ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால், பிறகு மாவட்டத்தில் எந்த ஊர் வழியாகப் போனாலும் வயலோரம் நிற்கும் கல் வெறும் கல்லாகத் தெரியாது.

நடுகல்னா என்ன?

போரிலோ, பூசலிலோ இறந்த வீரனுக்காக நடப்படும் நினைவுக்கல். அந்தக் காலத்தில் சொத்து என்றால் மாடுதான். ஒரு ஊர் மாடுகளை இன்னொரு ஊர் ஆட்கள் கவர்ந்து போவதும், ஊர்க்காரர்கள் துரத்திப் போய் மீட்பதும் அடிக்கடி நடந்தது. கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று தமிழ் இலக்கணமே இதற்குத் திணை வகுத்திருக்கிறது. கல்வெட்டுகளில் மாட்டு மந்தைக்குப் பெயர் 'தொறு'. தொறு மீட்கப் போய் இறந்தவர்களுக்கு எழுப்பிய கற்கள்தான் இங்கே நிறைய.

ஏன் இந்தப் பகுதியில் இவ்வளவு? மலையும் மேய்ச்சல் காடும் நிறைந்த பூமி இது. பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் என்று பல அரசுகளின் எல்லை உரசிக்கொண்ட இடமும்கூட. பூசலுக்குப் பஞ்சமே இல்லை.

ஒரு நடுகல்லை எப்படிப் படிப்பது?

எழுத்து புரியவில்லை என்று கவலை வேண்டாம். பழைய கற்களில் பெரும்பாலும் வட்டெழுத்து இருக்கும். இன்றைய தமிழ் எழுத்து போலவே இருக்காது. படத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொள்ளலாம்.

- கையில் வில்லோ வாளோ, கேடயமோ இருந்தால் போரில் இறந்தவர்.
- உடம்பில் அம்பு குத்தி நின்றால், எதிரி எய்த அம்பில் விழுந்தவர்.
- காலடியில் மாடுகள் இருந்தால், ஆநிரைப் பூசல்.
- எதிரில் புலி இருந்தால், புலியோடு சண்டையிட்டு இறந்தவர். இதைப் 'புலிக்குத்திக் கல்' என்பார்கள்.
- மேலே இரண்டு பக்கமும் சாமரம் வீசும் பெண்கள் இருந்தால், வீரனை வானுலகம் அழைத்துப் போகிறார்கள் என்று அர்த்தம்.

எழுத்து உள்ள கற்களில் அரசன் பெயர், அவன் ஆட்சி ஆண்டு, இறந்தவர் பெயர், எப்படி இறந்தார் என்பது நாலைந்து வரியில் முடிந்துவிடும். இன்றைய செய்திக் குறிப்பு மாதிரிதான். பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையின் எடுத்தனூர் நடுகல்லில், எசமானோடு நின்று கள்ளரைக் கடித்த நாய்க்கும் இடம் உண்டு. நாயின் பெயர்கூட இருக்கிறது: கோவிவன்.

தருமபுரி மாவட்டத்தில் கிடைத்த இன்னொரு கல்லும் தெரிந்துகொள்ள வேண்டியது. அது நடுகல் இல்லை, அந்தக் காலத்து மைல்கல். 'அதியமான் பெருவழி'யில் போய்ச் சேர வேண்டிய ஊர் 29 காதம் என்று எண்ணில் செதுக்கி, கீழே இரண்டு பெரிய குழி, ஒன்பது சிறிய குழி போட்டிருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுத்து தெரியாத வழிப்போக்கரும் இருட்டில் தடவிப் பார்த்தே தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

கோட்டைக் கோயிலில் என்ன விசேஷம்?

தருமபுரி கோட்டைப் பகுதியில் இருக்கிறது காமாட்சி அம்மன் உடனுறை மல்லிகார்ஜுனர் கோயில். இங்கே எல்லாரும் தேடுவது தொங்கும் தூணைத்தான். தூணின் அடிப்பகுதி தரையைத் தொடாமல் நிற்கிறது. இடைவெளியில் துணியையோ காகிதத்தையோ விட்டு மறுபக்கம் எடுத்துப் பார்ப்பது வருகிறவர்களின் வழக்கம்.

தூணைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட வேண்டாம். அம்மன் சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றி ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்ன சிற்பங்களாக இருக்கின்றன. குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

சேலம் சாலையில் சில கிலோமீட்டர் போனால் அதியமான்கோட்டை. கோட்டையில் இன்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை. ஆனால் அதியமான் - ஔவையார் நினைவாக அமைத்த கோட்டம், கூட்டம் குவியும் காலபைரவர் கோயில், கூரை ஓவியங்கள் கொண்ட சென்றாயப் பெருமாள் கோயில் மூன்றும் இந்த ஊரிலேயே இருக்கின்றன.

பாப்பாரப்பட்டியை ஏன் விடக்கூடாது?

பென்னாகரம் வட்டத்தில் உள்ள பாப்பாரப்பட்டியில்தான் தியாகி சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. வத்தலக்குண்டில் பிறந்தவர். 1908இல் வ.உ.சி.யோடு கைதானார். சிறையில் தொழுநோய் வந்தது. நோயைக் காரணம் காட்டி ரயிலில் பயணம் செய்ய ஆங்கிலேய அரசு தடை போட்டது. அவர் ஓயவில்லை, ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார்.

பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் இங்கே வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் முடிவதைப் பார்க்க சிவாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியிலேயே காலமானார். அப்போது வயது 40தான்.

அப்புறம் ஒகேனக்கல்?

தருமபுரியில் இருந்து சுமார் 46 கி.மீ. 'புகையும் கல்' என்று பொருள்படும் கன்னடப் பெயர். ஒகேனக்கல் பகுதியில் உள்ள கார்பனடைட் வகைப் பாறைகளுக்குச் சுமார் 240 கோடி ஆண்டுகள் வயது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் முதலைகள் மறுவாழ்வு மையத்தையும் பார்க்கலாம். இதை ஒட்டிய காடுகளைச் சேர்த்து 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதனால் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவது, குரங்குக்குத் தீனி போடுவது எல்லாம் வேண்டாம்.

வயலில் இருக்கிற கல்லுக்கு யார் காவல்?

அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தவை கொஞ்சம்தான். ஏராளமான நடுகற்கள் இன்னும் வயலோரமும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. சில ஊர்களில் அவற்றை 'வேடியப்பன்' என்று சாமியாகக் கும்பிடுகிறார்கள். பொங்கல் வைக்கிற சாமி என்பதால்தான் அந்தக் கற்கள் இத்தனை நூற்றாண்டு தப்பின. கும்பிட ஆளில்லாத கற்கள் சாலை விரிவாக்கத்திலும், நிலத்தைச் சமன்படுத்தும்போதும் காணாமல் போகும் ஆபத்து இருக்கிறது. அடியில் புதையல் இருக்கும் என்று தோண்டுகிறவர்களால் சாய்கிற கற்களும் உண்டு.

கல் இடம் மாறினால் கதை பாதி போய்விடும். எந்த ஊர் எல்லையில், எந்தப் பாதையில் அவர் இறந்தார் என்பதை அந்த இடம்தான் சொல்லும். பென்னாகரம் அருகே பூதிநத்தத்தில் 2023இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. அதாவது, இந்த மண்ணில் தேட வேண்டியது இன்னும் இருக்கிறது.

வழியில் அப்படி ஒரு கல்லைப் பார்த்தால் என்ன செய்யலாம்?

- எழுத்து தெளிவாகத் தெரியணும்னு சுண்ணாம்பு, மாவு, பெயிண்ட் பூச வேண்டாம். காலை அல்லது மாலை சாய்ந்த வெயிலில் போட்டோ எடுத்தாலே எழுத்து பளிச்சென்று தெரியும்.
- கும்பிடும் இடம் என்றால் ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.
- கல் விழுந்தோ புதைந்தோ கிடந்தால், நகர்த்தாமல் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ சொல்லுங்கள்.

ஒரு நாள் போதுமா?

போதும். ஆனால் வரிசை முக்கியம்.

- காலை: கோட்டைக் கோயில், அதியமான்கோட்டை. மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இதை முதலில் முடித்துவிடுங்கள்.
- முற்பகல்: அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை விடுவது வழக்கம். அந்தக் கிழமையைத் தவிர்ப்பது நல்லது.
- மதியம்: பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம், அங்கிருந்து ஒகேனக்கல்.

காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். பரிசலில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். தடை போட்டிருந்தாலும் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. அருவிக்குத்தான் தடை, நடுகல்லுக்கு இல்லை.