கீலைத் தூக்கும் கேபிள்: எது நல்லது?

இன்னைக்கு ஒரு கம்பியைப் பத்திப் பேசப் போறேன். பாய்மரப் படகுக்கு அடியில, தண்ணிக்குள்ள, யார் கண்ணுக்கும் படாம வேலை செய்யற கம்பி.

கேட்டலினா 22 என்று ஒரு அமெரிக்கப் படகு. 1969-ல் வந்தது. டிரெய்லரில் ஏற்றி, கார் பின்னால் இழுத்துக்கொண்டே ஏரிக்குப் போகலாம். அதன் ஸ்விங் கீல் மாடலில், அடியில் சுமார் 250 கிலோ வார்ப்பிரும்புத் தகடு ஒன்று தொங்கும். காற்று பாயைத் தள்ளும்போது படகு பக்கவாட்டில் நழுவாமலும் எளிதில் சாயாமலும் பிடிப்பது இந்தக் கீல்தான். முன்முனையில் ஒரு பின். பின்பக்கத்தை ஒரே ஒரு கேபிள் பிடித்திருக்கும். உள்ளே வின்ச்சைச் சுற்றினால் கீல் மடங்கி மேலே வரும். இறக்கினால் படகுக்கு 5 அடி ஆழம் வேணும், ஏற்றினால் 2 அடி போதும்.

கீல் மேலே இருக்கும்போது கேபிள் அறுந்தா? அந்த 250 கிலோ ஊஞ்சல் மாதிரி வீசி இறங்கும். படகின் ஃபைபர்கிளாஸ் உடம்பில் விரிசல் விழலாம், தண்ணி உள்ளே வரலாம்.

அப்போ ரொம்ப வலுவான கம்பியா வாங்கிட்டா போதும்தானே? இல்லைங்க. புதுசா இருக்கும்போது எல்லாமே 250 கிலோவைத் தாராளமாகத் தாங்கும். அது எப்படிக் கெட்டுப்போகும், கெடும்போது நமக்குக் காட்டிக்கொடுக்குமா என்பதுதான் கேள்வி.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை எடுத்துக்கோங்க. துருப்பிடிக்காதுன்னு நம்பறோம். அதன் மேல் மிக மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் இருக்கு. கீறல் விழுந்தாலும், ஆக்சிஜன் கிடைச்சா தானாகவே மூடிக்கும். ஆனா கேபிள்ங்கறது ஒரே கம்பி இல்லை. 7x19 வகையில் 133 மெல்லிய இழைகள். வின்ச்சில் சுற்றி வளையணும்னா அந்த வகைதான் வேணும். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் 1x19 விறைப்பு, இங்கே ஆகாது. அந்த இழைகளுக்கு நடுவில் உப்புத்தண்ணி தேங்கினா ஆக்சிஜன் தீர்ந்துபோகும், படலம் மூடாது, உள்ளுக்குள்ளேயே அரிப்பு. வெளியே பளபளன்னு இருக்கும், ஒருநாள் பட்டுன்னு போகும். பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் இன்னும் மோசம். முனை வழியா தண்ணி உள்ளே போய் அங்கேயே தங்கிடும், பார்க்கவும் முடியாது.

கால்வனைஸ்டு கம்பி அழகில்லை. மேலே இருக்கிற துத்தநாகம் முதலில் கரையும், அப்புறம் துரு, அப்புறம் இழை அறுந்து மீன்முள் மாதிரி கையில் குத்தும். பைக் கிளட்ச் கேபிள் லீவர் பக்கம் பிரிஞ்சு நிக்குமே, அதே கதைதான். கடலில் ஆயுசு குறைவு. ஆனா விலை கம்மி, கெடுவதைச் சொல்லிட்டுக் கெடும். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

மூணாவது டைனீமா. பாலிஎத்திலீன் இழையில் பின்னிய கயிறு. தண்ணியில் மிதக்கும், துரு கிடையாது, அதே பருமனுள்ள ஸ்டீலை விட வலு அதிகம். ஆனா கூர்மையான எதுவும் ஆகாது. பழைய கம்பி அறுத்து வைத்த உருளைப் பள்ளம், வார்ப்பிரும்பின் விளிம்பு, கீலில் ஒட்டிய சிப்பி, எது உரசினாலும் நார் நாராப் பிரியும். ரொம்ப வழுக்கும் என்பதால் சாதாரண முடிச்சு நிக்காது. முனையை மடக்கிக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்னணும். பளு ஏறினா வின்ச் டிரம்மில் அடிச்சுற்றுகளுக்குள் புதைந்து சிக்கிக்கவும் செய்யும்.

என் முடிவு இதுதான்: ஏரியில் ஓட்டிட்டு டிரெய்லரில் வீடு திரும்பும் படகுக்கு 316 ஸ்டெயின்லெஸ் போதும், காய நேரம் கிடைக்கும். வருஷம் முழுக்கக் கடலிலேயே நிற்கும் படகுக்கு டைனீமா, ஆனா அது போற பாதை முழுக்க வழவழன்னு இருக்கணும். அதுக்கு உத்தரவாதம் இல்லைன்னா, கால்வனைஸ்டு போட்டு வருஷாவருஷம் மாத்திடுங்க.

எந்தக் கம்பியா இருந்தாலும், முனையை நசுக்கிப் பிடிக்கும் சின்னக் குழாயையும் பாருங்க. அலுமினியக் குழாய், ஸ்டெயின்லெஸ் கம்பி, உப்புத்தண்ணி மூணும் சேர்ந்தா அலுமினியம் சீக்கிரமே அரிச்சுப் போகும். செம்புக் குழாய் கேளுங்க. இதையெல்லாம் சோதிக்க, டிரெய்லரில் கீல் முழு எடையோடு உட்கார்ந்து, கேபிள் தொய்வா இருக்கிற நேரம்தான் சரி. கேபிளை மட்டும் நம்பித் தொங்கும் கீலுக்கு அடியில கையை விடாதீங்க.