பெயருக்கொரு மரம்

ஆஸ்திரேலியாவில் மெல்போர்னுக்கு மேற்கே, தங்கச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர் பல்லாரட். ஊரின் மேற்கு எல்லையில் ஒரு வெற்றி வளைவு நிற்கிறது. அதைத் தாண்டினால் சாலையின் இருபுறமும் ஓக், எல்ம், மேப்பிள் என்று 22 கிலோமீட்டருக்கு மரங்கள்தான். மரத்துக்கு ஒரு பெயர்த் தகடு.

முதல் உலகப் போருக்குப் போன உள்ளூர்க்காரர்களின் பெயர்கள் அவை. போர் நினைவிடம் என்றாலே இறந்தவர்களின் பட்டியல்தான் நமக்கு நினைவுக்கு வரும். இங்கே போனவர்கள் எல்லோருக்கும் மரம் உண்டு, பிழைத்து வந்தவர்களுக்கும். ஊர் திரும்பிய சிப்பாய் தன் பெயரில் வளரும் கன்றைத் தானே போய்ப் பார்க்கலாம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டுப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு வேண்டுமா என்று ஆஸ்திரேலிய அரசு 1916, 1917 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு முறையும் வேண்டாம் என்றார்கள். ஆக, கடல் கடந்து போன மூன்று லட்சத்துச் சொச்சம் பேரும் தாமாகவே பெயர் கொடுத்தவர்கள். அவர்களில் சுமார் 60,000 பேர் திரும்பவில்லை. உடல்கள் துருக்கியின் கலிப்போலியிலும் பிரான்சிலும் புதைக்கப்பட்டன. வீட்டாருக்குப் போய் அழ ஒரு கல்லறைகூட உள்ளூரில் இல்லை.

மரம் நட்டது அரசு அல்ல. லூக்காஸ் என்ற தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்த சுமார் 500 பெண்கள். நிர்வாகிகளில் ஒருவரான டில்லி தாம்சன் முன்னே நின்றார். பொம்மைகளுக்கு உடை தைத்து விற்றுப் பணம் சேர்த்தார்கள். 1917 ஜூனில், அங்கே குளிர்காலம், நடவு தொடங்கியது. போர் அப்போது முடியக்கூட இல்லை. இரண்டே ஆண்டுகளில் 3,700-க்கும் மேற்பட்ட மரங்கள்! வளைவுக்கும் அவர்களே நிதி திரட்டினார்கள். 1920-ல் அதைத் திறந்து வைக்க பிரிட்டிஷ் இளவரசர் எட்வர்ட் வந்தார். அவருக்கு அந்தப் பெண்கள் கொடுத்த பரிசு, கையால் பூவேலை செய்த சாட்டின் பைஜாமா. தையல்காரர்கள் வேறென்ன கொடுப்பார்கள்?

மரங்களின் வரிசைதான் இதில் அழகு. அதிகாரி, சிப்பாய் என்ற பாகுபாடு கிடையாது. படையில் சேர்ந்த நாள் எதுவோ, அந்த வரிசையில் மரம். முதலில் பெயர் கொடுத்தவர் வளைவுக்கு அருகே நிற்கிறார். போர் முடியும் தறுவாயில் சேர்ந்தவரைப் பார்க்க, வீட்டார் ஊரைவிட்டு வெகுதூரம், பரம்பீட் ஏரிப் பக்கம் வரை போக வேண்டும்.