ஒரு வரி அறிவுரையின் விலை

சென்னையின் அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27. இந்த இரண்டு எண்களையும் முன்பின்னாக மாற்றி ஓர் இணைய வரைபடத்தில் கொடுத்தால் வரைபடம் மறுக்காது, எச்சரிக்கவும் செய்யாது. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் ஒரு குறியை நட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். இது எப்போதாவது நேரும் தவறு அல்ல. வரைபடங்களை உருவாக்க உதவும் மென்பொருள்களில் லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கிறது, மேப்லிப்ரே தீர்க்கரேகையை முதலில் கேட்கிறது. வேலை செய்பவர் மனிதராக இருந்தால் கடலைப் பார்த்ததுமே திடுக்கிட்டுத் திருத்திவிடுவார். ஏஐ ஏஜென்டாக இருந்தால், “குறித்துவிட்டேன்” என்று சொல்லி வேலையை முடித்துவிடவும் வாய்ப்பு உண்டு.

கேள்விக்குப் பதில் எழுதுவதோடு நிற்காமல், பிரவுசரைத் திறந்து, சொடுக்கி, தட்டச்சு செய்து, ஒரு காரியத்தை முடித்துத் தரும் ஏஐயைத்தான் ஏஜென்ட் என்கிறார்கள். படிவம் நிரப்புவது அதற்கு ஓரளவு கைவந்துவிட்டது. வரைபடம்தான் இன்னும் பிடிபடவில்லை.

ஒரு வலைப்பக்கத்தை ஏஜென்ட் இரண்டு வழிகளில் பார்க்கிறது. பக்கத்தின் உள்கட்டமைப்பை எழுத்தாகப் படிப்பது ஒன்று. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்ப்பது மற்றொன்று. படிவத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் இருக்கும். இன்றைய வரைபடங்கள் பலவற்றிலோ தெரு, ஆறு, ஊர்ப்பெயர் எல்லாமே கேன்வாஸ் எனும் ஒரே பரப்பில் வண்ணப் புள்ளிகளாகத் தீட்டப்படுகின்றன. உள்கட்டமைப்பைப் படித்தால் ‘இங்கே ஒரு கேன்வாஸ் இருக்கிறது’ என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. மிஞ்சுவது ஸ்கிரீன்ஷாட் மட்டுமே. அதில் எந்தப் புள்ளியில் சொடுக்குவது என்பதை ஏஜென்ட் கண்ணளவாகத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தக் கண்ணளவு எவ்வளவு பிசகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வழக்கமான இணைய வரைபடத்தில் ஜூம் 0-இல் உலகம் முழுவதும் 256 பிக்சல் அகலமுள்ள ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு படி உள்ளே போகும்போதும் நீளமும் அகலமும் இரு மடங்காகும். இதன்படி ஜூம் 10-இல் சென்னையைப் பார்க்கும்போது ஒரு பிக்சல் என்பது தரையில் சுமார் 150 மீட்டர். பத்து பிக்சல் தள்ளிச் சொடுக்கினால் ஒன்றரைக் கிலோமீட்டர் போய்விட்டது. அடையாற்றின் இந்தக் கரையில் வைக்க வேண்டிய குறி அந்தக் கரையில் விழும். ஜூம் 18-இல் அதே பத்து பிக்சல் பிசகுக்கு ஆறு மீட்டர்தான்.

இதை அறிந்தவர்கள் ஏஜென்டுக்கு முன்கூட்டியே குறிப்பு எழுதித் தருகிறார்கள். சொடுக்கும் முன் போதுமான அளவு ஜூம் செய். படம் முழுவதும் வந்து சேரும்வரை காத்திரு. பக்கத்தை நகர்த்த மவுஸ் சக்கரத்தை உருட்டாதே, வரைபடம்தான் சுருங்கும். கடைசியில் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஒரு முறை சரிபார். 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் இப்படிப்பட்ட குறிப்புகளை ‘ஸ்கில்’ என்ற பெயரில் தனித்தனிக் கோப்புறைகளாக வைக்கும் முறையை வெளியிட்டது. எந்த வேலை வருகிறதோ அதற்குரிய குறிப்பை மட்டும் ஏஜென்ட் எடுத்துப் படித்துக்கொள்ளும்.

மேலே சொன்ன குறிப்புகள் எல்லாம் படிக்கும்போது நியாயமாகவே தோன்றுகின்றன. என் கவலையே அதுதான். நியாயமாகத் தோன்றுகிற ஒரு வரி என்ன செய்துவிடும் என்பதற்கு வெப்அரீனா ஆய்வைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் ஏஜென்டுகளுக்காக அமைத்த பரிசோதனைக் களம் அது. இணையக் கடை போன்ற தளங்களோடு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தையும் சேர்த்து 812 பணிகளை வைத்தார்கள். அவற்றில் சில செய்யவே முடியாதவை. அங்கே ஏஜென்ட் முடியாது என்றே சொல்ல வேண்டும். இல்லாத விடையை ஜோடிக்கிறதா என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. எனவே அறிவுரையில் ஒரு வரி இருந்தது: செய்ய முடியாத பணி என்று தோன்றினால் அதைச் சொல்லி நிறுத்திவிடலாம் என்பது அதன் பொருள். இதில் யார் குறை காண முடியும்?

அந்த வரியோடு ஜிபிடி-4 என்ற ஏஐ மாடல் மொத்தம் 11.70 சதவீதப் பணிகளில் வென்றது. வரியை எடுத்துவிட்டதும் வெற்றி 14.41 சதவீதமாக ஏறியது. காரணத்தைத் தோண்டியபோது, செய்யக்கூடிய பணிகளில் 54.9 சதவீதத்தை அது ‘முடியாது’ என்று ஒதுக்கிவிட்டிருந்தது தெரிந்தது. விட்டுவிடலாம் என்ற அனுமதி கிடைத்ததும் பாதிக்கு மேல் விட்டுவிட்டது. மனிதர்கள் எட்டிய அளவு 78.24 சதவீதம். வரியைச் சேர்த்தும் நீக்கியும் ஓட்டிப் பார்த்திருக்காவிட்டால் இந்த உண்மை வெளியே வந்தே இருக்காது.

ஆகவே வரைபடக் குறிப்பை மதிப்பிடுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, ஒரே பணியைக் குறிப்போடும் குறிப்பு இல்லாமலும் செய்யவைத்து ஒப்பிடுவது. ஒரு முறை போதாது. ஒரே ஏஜென்ட் ஒரே பணியை இன்று ஒரு மாதிரியும் நாளை வேறு மாதிரியும் செய்யும். தடவைக்கு 90 சதவீதம் வெல்கிற ஏஜென்டுக்குக்கூட, எட்டுத் தடவை தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு 43 சதவீதம்தான். பணிகளைக் குறிப்பு எழுதியவரே அமைக்கவும் கூடாது. தன் குறிப்பு எதைச் சமாளிக்குமோ அதைத்தான் அவர் மனம் தேடிப்போகும். ஏஜென்ட் என்ன சொன்னது என்பதை விட்டுவிட்டு, குறி எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கே.கே. நகர் என்றால் சென்னையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு, திருச்சியிலும் உண்டு. தேடலில் முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு தவறான ஊரில் குறி வைத்துவிட்டு, மிகத் தெளிவான தமிழில் வெற்றி அறிக்கை தரும் ஏஜென்டுக்குப் பூஜ்யம்தான் போட வேண்டும். லீஃப்லெட்டுக்காக எழுதிய குறிப்பு மேப்லிப்ரேயில் உதவுகிறதா கெடுக்கிறதா என்பதையும் சோதித்தாக வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும், எதை வெற்றி என்று எண்ணுவது என்ற கேள்வி மிஞ்சுகிறது. 2015 சென்னை வெள்ளத்தின்போது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஓர் இணைய வரைபடம் உருவாக்கப்பட்டது. நீர் புகுந்த தெருவை மக்களே சொடுக்கிக் குறிக்கலாம். ஆயிரக்கணக்கான தெருக்கள் அப்படிக் குறிக்கப்பட்டன. அடுத்த வெள்ளத்தில், குவியும் உதவிச் செய்திகளைப் படித்து அந்தக் குறிகளை இடும் வேலையை ஏஜென்டுகளிடம் கொடுக்கும் யோசனை நிச்சயம் வரும்.

அப்போது வெப்அரீனாவின் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். அந்த ஒரு வரியை நீக்கியதும், செய்ய முடியாத பணியை முடியாது என்று சரியாகச் சொல்லும் திறன் 77.78 சதவீதத்திலிருந்து 44.44 சதவீதமாகச் சரிந்தது. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர் வரியை நீக்கிவிடுவார். உணவகம் தேடித் தரும் ஏஜென்ட் என்றால் நானும் நீக்கிவிடுவேன். வெள்ள வரைபடம் என்றால் மாட்டேன். எந்தத் தெரு என்று தெரியவில்லை என ஏஜென்ட் ஒப்புக்கொண்டால், தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க ஆள் இருக்கும். தவறான தெருவில் குறி விழுந்தால் படகு அங்கே போய்விடும். குறிக்காமல் விட்டதையும் தவறாகக் குறித்ததையும் ஒரே பூஜ்யமாக எண்ணுகிற மதிப்பீடு இந்த வேலைக்கு உதவாது. இரண்டையும் தனித்தனியாக எண்ணி, இரண்டாவதற்குக் கடுமையாகக் கழித்து, அதன் பிறகே எந்த வரியை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.